பரண்மேல் ஒரு மஞ்சள் ரோஜா

அந்தத் தெருவில் பூ வேண்டுமென்றால் கடைக்குப் போவார்கள். வந்த பூ போய்விடாமல் இருக்க வேண்டுமென்றால் சின்னவளிடம் வருவார்கள். கல்யாணத்தன்று கையில் பிடித்திருந்த பூங்கொத்து, பிரசவ ஆஸ்பத்திரிக்கு யாரோ கொண்டுவந்த ஒற்றை ரோஜா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் மேசைமேல் இருந்த செவ்வந்தி என்று எதையாவது ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து கேட்டைத் தட்டுவார்கள். சின்னவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதலில் ஒரு திட்டு விழும். "மூணு நாள் கழிச்சுக் கொண்டுவந்தா நான் என்ன பண்றது? இது பூவா, வதக்கின கீரையா?" திட்டி முடித்துவிட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். ஒருவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை.

வயது ஐம்பத்தைந்து, தலையில் பாதிக்குமேல் நரை, இருந்தாலும் சின்னவள்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள் என்று கல்யாணமான வாரத்தில் யார் வைத்தார்களோ, அதுவே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே முப்பது வருஷம் இருந்தார்கள் என்றால் கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். அதில் கடைசி ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னால், "அப்படிச் சொல்லு" என்று விரித்த கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். உலகம் அப்படித்தான், சண்டை என்றால்தான் நம்பும்.

சின்னவளுக்கு வேலை, கேமரா பழுதுபார்க்கும் கடையில். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடை. முதலாளி நிமிர்ந்தால் சின்னவள் குனிய வேண்டும், அவ்வளவுதான் இடம். லென்ஸைக் கழற்றி, உள்ளே படர்ந்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பது அவள் பொறுப்பு. மெல்லிய பிரஷ், காற்றடிக்க ஒரு ரப்பர் பந்து, நுனி மெலிந்த இடுக்கி, இவைதான் சாமான். லென்ஸுக்குப் பகை ஈரம். அதனால் லென்ஸ் அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கிண்ணம் சிலிக்கா மணிகள் இருக்கும். காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும் மணிகள், காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கக் குடிக்க வெளிறி இளஞ்சிவப்புக்கு வந்துவிடும். அப்போது வாணலியில் கொட்டி இளஞ்சூட்டில் வறுத்தால் குடித்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி நீலமாகும். குடிகாரனைத் தெளியவைப்பதைவிட இது சுலபம் என்பார் முதலாளி. பகலெல்லாம் பூஞ்சையோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பூவோடு என்ன சகவாசம் என்றால், அதற்குக் காரணம் வாலு.

வாலு, பெரியவளின் ஒரே மகள். அவளுக்கும் நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அவள் செய்த சேட்டையில் அது காணாமல் போனது. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா, ஒரு சித்தப்பா. பெரியவள் வீட்டையும் பின்பக்கத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டாள். சின்னவளும் அவள் கணவரும் வேலைக்குப் போனார்கள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பொழப்பு எப்படிப் போகிறது என்று கேட்டால், "மேலயும் கீழயுமா போகுது" என்று முப்பது வருஷமாக ஒரே பதில் சொல்லுவார்.

பத்து வயதில் ஒருநாள் வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, இருபது பூவைப் பாடம் பண்ணிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். சின்னவள் அதை மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, செவ்வந்தி என்று ஒப்பிக்க வைத்தாள். வாலுவும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருபதையும் ஒப்பித்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் தரையில் உருண்டு சிரித்தாள். தோலைப் பாடம் பண்ணுவதுபோலப் பூவைக் காயவைத்துக் கெடாமல் வைப்பதுதான் அந்தப் பாடம் என்று தெரிந்ததும், பெரியவள் சமையலறையிலிருந்தே, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் பழைய டெலிபோன் டைரக்டரியில் வைத்து நசுக்கினார்கள். செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொண்டு, யாருடைய எண்ணையோ சிவப்பாக்கிவிட்டுப் போனது. பிறகு காம்பில் நூல் கட்டி, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். வாடாமல்லிக்கு அது சரிப்பட்டது, ரோஜா சுருங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை சித்தியோடு கடைக்குப் போன வாலு, லென்ஸ் அலமாரியில் நீல மணிகளைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டாள். ஈரம் வராமல் இருக்க என்றார் முதலாளி. "லென்ஸ் கெடாதுன்னா பூவும் கெடாதுல்ல?" என்றாள் வாலு. முதலாளி ஒரு டப்பா நிறைய மணிகளைக் கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து சித்தியும் மகளும் வித்தையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். டப்பாவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணியைக் கொட்டி, பூவை முகம் மேலே பார்க்க வைத்து, இதழுக்கு இதழ் நடுவே கரண்டியால் கொஞ்சங்கொஞ்சமாக மணியை விட வேண்டும். மூடியை இறுக்கி ஏழு நாள் திறக்கக் கூடாது. சிவப்பு கறுத்துவிடும், வெள்ளை பழுப்பாகும், மஞ்சள்தான் ஏமாற்றாது. எல்லாவற்றிலும் பெரிய விதி, பறிக்கும் நேரம். காலையில் பனி காய்ந்ததும், பூ முக்கால்வாசி மலர்ந்திருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். முழுதாக மலரவிட்டால் காய்ந்தபின் இதழ் ஒவ்வொன்றாகக் கொட்டிவிடும்.

இந்த விதிதான் பெரியவளுக்கு ஆகவில்லை. அவள் செடி வளர்க்கிறவள். தண்ணீர் ஊற்றி, பூச்சி பொறுக்கி, மொட்டு எண்ணி, நாளைக்கு விரியும் என்று அவள் காத்திருக்கும்போது இவர்கள் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்கள். "செடியில இருந்தா மூணு நாள், உங்க டப்பாவுல இருந்தா மூணு வருஷம். ஆனா அந்த மூணு நாள்தான் அது பூ" என்பாள். சொல்லிவிட்டு விட்டும் கொடுப்பாள். மணி வறுப்பதற்கென்று சின்னவள் தனியாக ஓர் இரும்பு வாணலி வாங்கி ஆணியில் மாட்டியபோது, "திங்க முடியாததை வறுக்கற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் இரண்டு வருஷம்தான் இருந்தது.

பன்னிரண்டு வயதில் வாலு ஒரு ரோஜாக் குச்சி கொண்டுவந்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேன் கொடுத்ததாம், மஞ்சள் பூக்குமாம். பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு நட்டாள். பெரியவள் அதைப் பார்த்து, "இது செடியில்லடி, பல்லு குத்துற குச்சி" என்றாள். அதற்கும் இரண்டு இலை வந்தது. இலை வந்த மாதத்திலேயே வாலுவுக்குக் காய்ச்சலும் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம் பிள்ளை இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

பெரியவள் அந்தக் குச்சியைப் பெயிண்ட் டப்பாவிலிருந்து எடுத்து, சமையலறை ஜன்னலுக்கு நேராக மண்ணில் வைத்தாள். மற்றச் செடிகள் எல்லாம் தண்ணீர் இல்லாமல் காய்ந்தன. அதற்கு மட்டும் ஊற்றினாள். சின்னவளும் பூவைத் தொடவில்லை. டப்பா, பிரஷ் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டுவிட்டாள். பதினாலு மாதம் கழித்து, ஒருநாள் காலையில் பெரியவள் ஜன்னல் வழியே கூப்பிட்டாள். அந்தச் செடியில் மொட்டு, ஒரே ஒரு மொட்டு. இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். மகள் போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதற்குமுன் ஆளுக்கொரு மூலையில்தான் அழுதார்கள்.

அதன்பிறகு பெரியவளுக்குச் செடியைவிட்டு வேறு வேலை இல்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மொட்டு வெடித்து மஞ்சள் தெரிந்தது. சின்னவளோ நாள் எண்ணினாள். பூத்துவிட்டால் மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அடுத்தது எப்போது வருமோ, வராமலே போகுமோ. மூட்டையைப் பிரித்தாள். மணியை வறுத்து நீலமாக்கி வைத்தாள். வாலு வைத்த செடியின் முதல் பூவை வாலு சொல்லிக்கொடுத்த முறைப்படியே காப்பாற்றி அவள் அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. பெரியவளிடம் போய், "அக்கா, இன்னும் ரெண்டு நாள்ல எடுத்தா சரியா இருக்கும்" என்றாள். பெரியவள் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "மலரட்டும்" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. முழுக்க மலர்ந்து, தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்று பெரியவள் சொன்னாள். முக்கால்வாசி மலரட்டும், பிறகு எடுக்கலாம் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். பூ காயவைக்கிறவளுக்கு மலர்வது என்றால் அவ்வளவுதானே. உண்மையிலேயே அப்படிப் புரிந்துகொண்டாளா, இல்லை தனக்கு வேண்டியபடி புரிந்துகொண்டாளா என்று பின்னால் அவளே ஆயிரம் தடவை தன்னைக் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலையில் பெரியவள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பூ நாசம். பனி காய்ந்திருந்தது, பூ சரியாக முக்கால் பங்கு விரிந்திருந்தது. சின்னவள் வெட்டினாள். கை நடுங்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். லென்ஸ் துடைக்கிற கை அது. பூவை டப்பாவில் வைத்துக் கழுத்துவரை மணியைக் கொட்டியிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அன்று மழை பெய்யவே இல்லை.

பெரியவள் நேராகச் செடியிடம்தான் போனாள். வெட்டிய காம்பைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தாள். மணிக்கு மேலே மஞ்சள் நுனி மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை.

"அவளையும் பாதியிலதான் எடுத்துட்டுப் போனாங்க. இதையும் பாதியிலயே எடுத்துட்டியா?"

அதோடு அவள் சின்னவளை நேராகப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். அதன்பிறகு ஒன்பது வருஷம், சின்னவளுக்கு அந்த வீட்டில் 'யாராவது' என்று பெயர். "யாராவது கேட்டைச் சாத்தினா நல்லது." "யாராவது குளிச்சு முடிச்சிட்டா நான் போகலாம்." சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். சின்னவளும் ரோஷக்காரிதான்; சுவருக்கே பதில் சொல்லுவாள். முதல் மாதம் மன்னிப்புக் கேட்கப் பத்துத் தடவை அந்த அறை வாசல்வரை போனாள். பத்துத் தடவையும் கதவு சாத்தியிருந்தது. அப்புறம் அவளுக்கும் கோபம் வந்தது. நான் என்ன எனக்காகவா செய்தேன், எனக்கும்தானே அவள் பிள்ளை என்ற கோபம். நடுவில் மாட்டிக்கொண்ட கணவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. லிஃப்ட் என்றால் பழுதுபார்த்துவிடுவேன், இதற்கு எந்த நட்டைத் திருகுவது என்று அவர் கடை வாசலில் முதலாளியிடம் புலம்பியிருக்கிறார்.

ஏழாம் நாள் சின்னவள் டப்பாவைத் திறந்தாள். அவள் கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பூ வந்ததில்லை. ஓர் இதழ்கூட மடங்கவில்லை, ஒரு நரம்புகூட வெளிறவில்லை. பிரஷால் தூசி தட்டி, அகல வாயுள்ள கண்ணாடி ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடி மணியைப் போட்டு, அதன்மேல் பூவை நிறுத்தி, மூடி, பெரியவளின் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் வந்து பார்த்தால் கட்டிலில் ஜாடி இல்லை. அண்ணி அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் அறைப் பரண்மேல் போட்டுவிட்டதாகக் கணவர் சொன்னார். தூக்கி எறியவில்லையே, அதுவரைக்கும் நல்லது என்று ஆறுதலும் சொன்னார். எறிந்திருந்தால்கூடத் தேவலை என்றாள் சின்னவள்.

ஏன் என்றால் அவளுக்குக் கணக்குத் தெரியும். அடிக்கடி திறக்காத ஜாடியில் ஒரு கைப்பிடி மணி ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் மணி சிவந்துவிடும். சிவந்த மணி ஈரத்தைத் தடுக்காது. பூ மெல்ல மெல்லத் தளர்ந்து தலை சாயும், பிறகு பூஞ்சை பிடிக்கும். பெரியவளின் அறைக்குள் அவள் போவதில்லை, போனாலும் பரணைப் பார்க்கும் தைரியம் இல்லை. ஊரார் பூவையெல்லாம் காப்பாற்றிக் கொடுக்கிறவள், தன் வீட்டுப் பரணில் ஒரு பூ அழுகிக்கொண்டிருப்பதாக ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொண்டாள். அதனால்தானோ என்னவோ, யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தச் செடியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பெரியவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இனி அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றமாட்டாள் என்று சின்னவள் நினைத்தாள். அதனால் விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் இரண்டு குவளை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனாள். வெட்டியவளுக்கு இனி செடிமேல் என்ன அக்கறை இருக்கப்போகிறது என்று பெரியவள் நினைத்தாள். அதனால் மதியத்தில் அவளும் இரண்டு குவளை ஊற்றினாள். ஐந்தாறு மாதத்தில் செடி மஞ்சளித்துச் சாய்ந்தது. கணவர் பிடுங்கிப் பார்த்து, வேர் அழுகியிருக்கிறது, தண்ணீர் அதிகம் என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம் விஷயம் புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'நீயுமா' என்று யாராவது கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான். போகப் போக அதை விடுவதற்குத்தான் வெட்கமாக இருக்கும்.

வருஷங்கள் போயின. சின்னவள் வேலைக்குப் போவாள், வருவாள், பூ காயவைப்பாள். மணி வறுக்கும் வாணலியை அவள் கைப்பிடி இடப்பக்கம் இருக்கும்படி மாட்டுவாள். சில நாள் வந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும். கணவரைத்தான் திட்டுவாள். செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வது அவருக்குப் பழக்கம் என்பதால் அதையும் ஒப்புக்கொண்டார். பெரியவளின் மாத்திரைப் புட்டியில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வரும். அந்தப் பொட்டலங்கள் கத்தரியால் வெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் குப்பைக்கூடையில் கிடக்கும். அவளுக்கு எதையும் முழுசாக எறிய மனசு வராது, கிழிந்த உறையைக்கூட நாலாக வெட்டித்தான் போடுவாள் என்று சின்னவள் கணவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒன்பதாவது வருஷம், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவளின் அறையில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "ஒட்டடை அடிக்கலாம்னு ஏறினேன் தம்பி" என்றாள் கொழுந்தனாரிடம். ஒட்டடைக் கோல் பின்கட்டில் அதன் இடத்திலேயே சாய்ந்திருந்ததைச் சின்னவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், அதன்பிறகு வீட்டில் படுக்கை. சின்னவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, தலை வாருவது, மலஜலம் எடுப்பது எல்லாம் அவள்தான். அதிலும் பேச்சு கிடையாது. "யாராவது தலையணையை ஏத்தி வச்சா தேவலை." ஏற்றி வைப்பாள். தலை வாரும்போது மட்டும் பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தளர்த்திக் கொடுப்பாள். இரண்டு மாதம் கழிந்து நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே நின்று கணவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

அடுத்த நாள் மாலை வெளியே மழை இரைந்தது. பெரியவள் கண்ணைத் திறந்தாள்.

"மழை வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா" என்றாள் சின்னவள். சுவருக்குச் சொல்ல மறந்துபோய் அக்காவுக்கே சொல்லிவிட்டாள்.

"வறுக்கணும்."

"எதைக்கா?"

பெரியவள் மேலே பார்த்தாள். "வறுக்கணும்" என்றாள் மறுபடியும். மூச்சு வாங்கியது, அதற்குமேல் வரவில்லை. இரண்டு நாளாக வாயில் ஒன்றும் இறங்காதவளுக்கு எதையோ தின்ன ஆசை வந்திருக்கிறது என்று சின்னவளுக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய்க் கடலை வறுத்து, தோல் நீக்கி, மென்று தின்ன முடியாதே என்று நுணுக்கிப் பொடியாக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். பெரியவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு சின்னவளைப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"நீ ஒருத்தி" என்றாள்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு 'யாராவது' போய் 'நீ' வந்திருந்தது. சின்னவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. காய்ச்சல் இறங்கட்டும், காலையில் சொல்லலாம் என்று இருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. பெரியவள் மறுபடி கண் விழிக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அந்த அறையைச் சுத்தம் செய்தார்கள். துணிமணி, மாத்திரைப் புட்டிகள் எல்லாம் எடுத்தாயிற்று. பரண் மிச்சம். நான் ஏறுகிறேன் என்றார் கணவர். வேண்டாம், அதை நான்தான் எடுக்க வேண்டும் என்று சின்னவள் அதே ஸ்டூலில் ஏறினாள். அவர் கீழே பிடித்துக்கொண்டார். அழுகிப் பொடியாகிக் கிடப்பதைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் கையை நீட்டினாள். பரணின் விளிம்பிலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் ஜாடி இருந்தது.

கீழே இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள். தாள் பழுக்கவில்லை. தேதியைப் பார்த்தாள், போன வருஷக் கடைசி மழைமாதத்துத் தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஜாடியில் போன வருஷத்துத் தாள் எப்படி வந்தது என்று புரியாமல் மீதியையும் பிரித்தாள்.

உள்ளே ரோஜா மஞ்சளாக இருந்தது. ஓர் இதழ்கூடக் கொட்டவில்லை. அடியில் மணிகள் நீலமாக இருந்தன. நடுநடுவே வெள்ளை மணிகள். சின்னவளிடம் வெள்ளை மணி என்றைக்கும் இருந்ததில்லை. அது மாத்திரைப் புட்டியின் காகிதப் பொட்டலத்தில் வருவது. வறுக்கும்போது சிதறியதற்கு ஈடாக, மாதம் ஒரு பொட்டலமாக வெட்டி வெட்டிச் சேர்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண், அடுப்படியில் சின்னவள் செய்ததையெல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது. சின்னவள் வேலைக்குப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கி, வறுத்து, வாணலியைக் கைப்பிடி மாற்றி மாட்டிவிட்டு, மறுபடி ஏற்றி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மழைக்காலமும் செய்திருக்கிறாள். இந்த மழைக்கு ஏறினபோதுதான் விழுந்தாள்.

ஜாடியின் ஓரத்தில் மணிகள் சில வெளிறத் தொடங்கியிருந்தன. இந்த மழைக்கு இன்னும் யாரும் வறுக்கவில்லை.

"என்னம்மா, அண்ணியா இதைப் பண்ணாங்க?" என்றார் கணவர்.

சின்னவள் ஜாடியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வறுக்கணும்னு சொன்னாங்க. நான் கடலையை வறுத்துக் குடுத்தேன்."

ஊரில் வேறு யாருக்கும் புரியாமல் போகலாம். அந்த வீட்டில் தன் கையால் மணி வறுத்தவர்கள் மூன்று பேர்தான். ஒருத்தி பன்னிரண்டு வயதில் போனாள், ஒருத்தி இப்போது போனாள், மிச்சம் இருந்த ஒருத்திக்குப் புரியவில்லை. கணவர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஆறுதலுக்கு அழுகிற அழுகை அல்ல அது. அழுது முடிக்கும்வரை அவர் ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றார்.

வெளியே மறுபடி தூற ஆரம்பித்தது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பூவை இடுக்கியால் தூக்கி ஒரு தட்டில் வைத்துக் கவிழ்த்து மூடினாள். மணிகளை, நீலத்தையும் வெள்ளையையும் பிரிக்காமல், வாணலியில் கொட்டி அடுப்பைச் சிறியதாக வைத்தாள். கரண்டியால் கிளறிக்கொண்டே, "மழை வந்துடுச்சுக்கா, வறுக்கறேன்" என்றாள். ஓரத்தில் வெளிறியிருந்த மணிகளெல்லாம் நீலமாகும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. ஆறவைத்து ஜாடியில் போட்டுப் பூவை நிறுத்தி மூடிவிட்டு, வாணலியைக் கழுவித் துடைத்து, கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்படி மாட்டினாள்.